விற்றவன் வரட்டும்

'திரும்பப் பெறுகிறோம்' என்று ஒரு பெரிய கம்பெனி பத்திரிகையில் அறிக்கை விட்டவுடன், நம்மில் பலருக்கு அந்தக் கம்பெனியின்மேல் ஒரு மரியாதையே பிறந்துவிடுகிறது. 'பார்த்தீர்களா, தன் சரக்கில் குறை இருப்பதைத் தானே முன்வந்து சொல்லுகிறார்களே! இதுவல்லவோ நாணயம்!' என்று மெச்சிக்கொள்ளுகிறோம். மெச்சுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குறையை மூடி மறைப்பதையே வியாபார சாமர்த்தியம் என்று எண்ணிப் பழகிவிட்ட உலகத்தில், பாதி உண்மை பேசுகிறவன்கூட அரிச்சந்திரனாகத்தான் தெரிவான்.

ஆனால் அந்த அறிக்கையை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'உங்கள் செல்போனின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதை எங்கள் இணையதளத்தில் சரிபாருங்கள். வாங்கிய ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள சேவை மையத்துக்குச் செல்லுங்கள். அங்கே சொல்லும்வரை காத்திருங்கள்.' ஐந்து வாக்கியங்கள். ஐந்துக்கும் எழுவாய் நீங்கள்தான். கம்பெனி எதையும் திரும்பப் பெறவில்லை. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறது. அவ்வளவுதான்.

ஆபத்தான சரக்கை விற்றவன் அதைத் தேடிக்கொண்டு வரவேண்டும். வாங்கியவன் அதைத் தூக்கிக்கொண்டு விற்றவனைத் தேடி அலையக் கூடாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்லுவதற்கு ஒரு கட்டுரை வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

'கதை எழுதுகிறவருக்கு பேட்டரியில் என்ன வேலை?' என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். கதை எழுதுகிறவன் மனிதர்களைப் பற்றி எழுதுகிறான். இந்தக் காலத்து மனிதர்கள் தலைமாட்டில் என்ன வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் தாத்தா காலத்தில் செம்பில் தண்ணீர் இருக்கும். இன்று செல்போன் இருக்கிறது. பக்கத்தில் கைக்குழந்தை படுத்திருக்கிறது. செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தைக்கும் அந்தப் போனுக்கும் இடையே ஒரு சாண்தான் இடைவெளி. அந்த ஒரு சாண் கதை எழுதுகிறவனின் எல்லைக்கு உட்பட்டதே.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்டால் என் வாதம் இன்னும் விளங்கும். லித்தியம் அயன் பேட்டரி என்பது, ஊர்ச் சந்தையில் பாயைச் சுருட்டி வைப்பதைப்போல, மெல்லிய தகடுகளைச் சுருட்டியோ அடுக்கியோ வைத்த ஒரு பொட்டலம். ஒரு தகடு நேர் மின்முனை. மற்றொன்று எதிர் மின்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். சுற்றிலும் தீப்பற்றக்கூடிய ஒரு திரவம். அந்தப் படலத்தில் எங்கேனும் ஓட்டை விழுந்தால் இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்ளும், சூடு பிறக்கும், அந்தச் சூடு மேலும் சூட்டைப் பிறப்பிக்கும், பிறகு புகை, பிறகு தீ. இந்த ஓட்டையை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பேட்டரியின் சொத்தை தெரிவதில்லை. ஆகவே வாங்குகிறவனுடைய புத்திசாலித்தனத்துக்கு இதில் இடமே கிடையாது. முழுக்க முழுக்க அவன் செய்தவனை நம்பித்தான் ஆகவேண்டும். நம்பிக்கை முழுவதும் ஒரு பக்கம் இருக்குமானால் பொறுப்பு முழுவதும் மறுபக்கம் இருக்கவேண்டாமா?

நம் நாடு இதை முதல்முதலாகப் பெரிய அளவில் அனுபவித்தது 2007-ஆம் வருஷம். அந்த நாளில் பட்டிதொட்டியெல்லாம் நோக்கியா போன்தான். 2003-ல் வந்த நோக்கியா 1100 என்ற போனை மறந்திருக்கமாட்டீர்கள். தலையில் ஒரு சின்ன டார்ச் விளக்கு இருக்கும். கரண்டு போன இரவில் வரப்பில் நடப்பதற்குக்கூட அதுதான் துணை. அதிலும் அதைப் போன்ற பல போன்களிலும் இருந்தது பி.எல்-5சி என்ற பேட்டரி. 2007 ஆகஸ்டு 14-ந் தேதி நோக்கியா ஓர் அறிக்கை வெளியிட்டது. ஜப்பானின் மட்ஸுஷிடா கம்பெனி 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளில், சார்ஜ் போடும்போது உள்ளுக்குள் மின்கசிவு ஏற்பட்டு அளவுமீறிச் சூடேறக்கூடும் என்பது அதன் சாரம். உலகம் முழுவதும் சுமார் 100 சம்பவங்கள் நடந்திருப்பதாகவும், எவருக்கும் பலத்த காயம் இல்லை என்றும் சொன்னார்கள். வேண்டுகிறவர்களுக்கு இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள்.

உண்மையை வெளியே சொன்னதற்கும், பணம் கேட்காததற்கும் உரிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அந்த அறிக்கைக்கு அவர்கள் இட்ட பெயரைக் கவனியுங்கள். 'திரும்பப் பெறுதல்' என்றுகூட அல்ல. 'தயாரிப்பு பற்றிய அறிவுரை'! சரக்கைச் செய்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர், அறிவுரை மட்டும் வாங்கியவனுக்கு. அந்த அறிவுரையின்படி வாங்கியவன் செய்யவேண்டியது என்ன? பேட்டரியைக் கழற்றி, பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் 26 இலக்க அடையாள எண்ணைப் படித்து, அது ஆபத்தான வரிசையைச் சேர்ந்ததா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். 26 இலக்கம்! கையெழுத்துப் போடுவதற்கே விரலை மையில் தோய்க்கிற ஒரு பெரியவரிடம், கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டியிடம், 'உன் உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை இந்த 26 இலக்கத்தில் நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லுவது என்ன நியாயம்?

அந்த ஆகஸ்டு மாதத்தில் நம் ஊர்களில் பரவிய பீதியைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். போன் வெடிக்கும் என்ற வதந்தி ஊருக்கு ஊர் ஓடிற்று. நகரத்துச் சேவை மையங்களில் கூட்டம் நெருக்கியது. படித்தவர்கள் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு நிம்மதியடைந்தார்கள். படிக்காதவர்கள் பயந்தார்கள். சில நாள் பயந்த பிறகு, வேறு வழியில்லாமல், அதே பேட்டரிக்கு அதே சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கினார்கள். ஏழையின் பயம்கூட நீடித்து நிற்க முடியாத பயம். மறுநாள் வேலைக்குப் போன் வேண்டுமே!

2007-ல் அப்படி என்றால், 2016-ல் நடந்தது இன்னும் பெரிய பாடம். சாம்சங் கம்பெனி அந்த வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி காலக்ஸி நோட் 7 என்ற விலையுயர்ந்த போனை வெளிநாடுகளில் விற்பனைக்கு விட்டது. இரண்டு வாரத்துக்குள், செப்டம்பர் 2-ந் தேதி, சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அங்கங்கே தீப்பிடித்ததே காரணம். பழைய போனை வாங்கிக்கொண்டு 'இது பத்திரமானது' என்று புதியதைக் கொடுத்தார்கள். அக்டோபர் 5-ந் தேதி அமெரிக்காவில் லூயிவில் நகரத்து விமான நிலையத்தில், அந்தப் 'பத்திரமான' போன் ஒன்று புகைந்து, விமானத்திலிருந்த அத்தனை பேரையும் இறக்கிவிட வேண்டியதாயிற்று. அக்டோபர் 11-ந் தேதி அந்தப் போனின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பிறகு 700 பொறியாளர்கள் உட்கார்ந்து, 2 லட்சம் போன்களையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்து, 2017 ஜனவரி 23-ந் தேதி காரணத்தைச் சொன்னார்கள். முதலில் வந்த பேட்டரிகளில் மேல் மூலையில் இடம் போதாமல் தகடு வளைந்திருந்தது. அடுத்து வந்தவற்றில் பற்றவைத்த இடத்தில் முனைகள் துருத்திக்கொண்டிருந்தன.

700 பொறியாளர்கள், மாதக் கணக்கில் பாடுபட்டு, கண்டுபிடித்த குறை அது! கண்டுபிடிப்பதற்கு முன் அவர்களே 'பத்திரமானது' என்று கொடுத்ததும் எரிந்தது. நிலைமை இப்படி இருக்க, போன் ஊதிக்கொண்டாலோ சுட்டாலோ, 'நீ எப்படி உபயோகித்தாய்? எந்தச் சார்ஜரில் போட்டாய்? கீழே போட்டாயா?' என்று வாங்கினவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கிறார்களே, இதைவிட அக்கிரமம் உண்டா?

இன்னொரு விநோதம் கேளுங்கள். நோட் 7 போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. அறிமுகம் செய்தார்கள், விற்பதற்குள் விஷயம் வெடித்துவிட்டது. ஆயினும் நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016 செப்டம்பரிலேயே, விமானத்தில் அந்தப் போனைப் போடக் கூடாது, சார்ஜ் ஏற்றக் கூடாது, சாமான்களோடு அனுப்பக் கூடாது என்று கட்டளையிட்டது. அதே மாதம் 23-ந் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேல் சாமான் வைக்கும் இடத்தில், சாம்சங்கின் பழைய நோட் 2 போன் ஒன்று புகைந்தது. சிப்பந்திகள் அதை அணைத்துத் தண்ணீரில் போட்டார்கள். எல்லாரும் சௌக்கியமாகச் சென்னையில் இறங்கினார்கள். அதன் பிறகு எச்சரிக்கை இன்னும் பலமாயிற்று.

நல்ல காரியம். விமானப் பிரயாணிகளின் உயிர் விலைமதிப்பற்றதுதான். ஆனால் பழனியிலிருந்து எங்கள் கீரனூருக்கு வருகிற பஸ்ஸில் போகிறவர்களின் உயிருக்கு விலை உண்டா, இல்லையா? நாட்டில் விற்கவே விற்காத ஒரு போனுக்காக ஆகாயத்தில் அறிவிப்புச் செய்தார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் புழங்கிய நோக்கியா பேட்டரிக்காக எங்கள் ஊர்ப் பஸ்ஸிலோ, ரேஷன் கடையிலோ, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலோ எவரும் தமிழில் ஒரு வரி அறிவித்து நான் கேட்டதில்லை.

'போன் யார் யாரிடம் இருக்கிறதென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கடைக்கு அனுப்புகிறோம், கடைக்காரர் யாருக்கு விற்றாரோ!' என்பது கம்பெனிகள் சொல்லும் சமாதானம். 2007-ல் இந்தச் சமாதானத்துக்கு ஓரளவு இடமிருந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று இது சுத்தப் பொய். நோட் 7 விவகாரத்தில் சாம்சங் என்ன செய்தது? தென் கொரியாவில், போனுக்குள்ளேயே ஒரு கட்டளையை அனுப்பி, பேட்டரி 60 சதவிகிதத்துக்குமேல் சார்ஜ் ஏறாதபடி தடுத்தது. பிறகு அமெரிக்காவில், எஞ்சியிருந்த போன்கள் சார்ஜே ஏறாதபடி செய்தது. அப்படியாக, விற்ற சுமார் 30 லட்சத்தில் 96 சதவிகிதத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டதாக 2017 ஜனவரியில் அதுவே சொல்லிற்று. 2025 ஜூலையில் கூகிள் கம்பெனி, பிக்ஸல் 6ஏ போன்களில் ஒரு பகுதிக்கு, பேட்டரி 400 முறை சார்ஜ் ஏறி முடிந்ததும் அதன் கொள்ளளவைத் தானாகவே குறைத்துவிடும் ஏற்பாட்டை அனுப்பியது. சூடேறும் ஆபத்தைக் குறைப்பதற்காக. நன்றாக யோசியுங்கள். என் போன் 400 முறை சார்ஜ் ஏறியிருக்கிறதா, 399 முறையா என்று கணக்கு வைத்துக் கட்டளையிட முடிகிறவர்களுக்கு, 'உன் போனில் ஆபத்து இருக்கிறது, ஜாக்கிரதை' என்று என் தாய்மொழியில் நாலு வார்த்தை சொல்லமட்டும் வழி தெரியவில்லை!

கடன் கொடுக்கிறவர்களைப் பாருங்கள். தவணையில் வாங்கிய போனுக்கு ஒரு மாதத் தவணை தவறினால், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அந்தப் போனையே பூட்டிவிடும் தந்திரம் நம் நாட்டில் புழங்கி வந்திருக்கிறது. 1,500 ரூபாய் பாக்கிக்காக ஒரு மனிதனை எந்தக் குக்கிராமத்திலும் கண்டுபிடித்துவிட முடிகிறது. அவன் உயிரைக் காப்பாற்றுவதற்காக என்றால் மட்டும் அவன் விலாசம் தெரியாமல் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்லுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாள் அவருடைய போனின் முதுகு வாணலியில் போட்ட அப்பளம்போல் எழும்பிவிட்டது. அந்த வகைப் போனுக்கு இலவசமாக பேட்டரி மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்திருப்பதை அவர் மகன் இங்கிலீஷில் படித்துக் கண்டுபிடித்தான். ராவுத்தர் கடையை மூடிவிட்டுப் பழனிக்குப் போனார். 'நாங்கள் விற்கத்தான் செய்வோம். திண்டுக்கல்லுக்குப் போங்கள்' என்றார்கள். இன்னொரு நாள் கடையை மூடிவிட்டுத் திண்டுக்கல் போனார். ரசீது கேட்டார்கள். கொடுத்தார். அதில் எழுத்து எப்போதோ வெளுத்துப்போய் வெறும் வெள்ளைக் காகிதமாக இருந்தது. 'இது செல்லாது, மதுரையில் கேட்டுப் பாருங்கள்' என்றார்கள். ஊதிய அந்தப் போனைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டுதான் மனிதர் இத்தனை பஸ்ஸிலும் போய்வந்தார்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் தச்ச ரவிக்கை இறுக்கமா இருக்குன்னு ஒரு பொம்பளப்புள்ள வந்து நின்னா, 'ஒன் ஒடம்பு பெருத்துப் போச்சு, போ'ன்னா சொல்றேன்? சீட்டு எங்கன்னா கேக்குறேன்? பிரிச்சு மறுபடி தச்சுத்தானே குடுக்குறேன். நூறு ரூவாக் கூலிக்கு நான் செய்யிறத, இருபதாயிரம் வாங்குனவன் செய்ய மாட்டேங்குறானே!"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவேண்டியவன் நானல்லவே! ராவுத்தர் மதுரைக்குப் போகவில்லை. அந்தப் போனை மண் நிரப்பிய ஒரு பழைய பானைக்குள் வைத்து மொட்டைமாடி மூலையில் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கிக்கொண்டார். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அவர் எப்படிப் பதிவாகியிருப்பார் தெரியுமா? 'சலுகையைப் பயன்படுத்திக்கொள்ள முன்வராத வாடிக்கையாளர்' என்று!

'ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆள் அனுப்பினால் செலவு கட்டுமா?' என்று கேட்பார்கள். விற்கும்போது கட்டுகிறதே! இன்று கீரனூரில் ஒரு வீட்டிலிருந்து போனுக்கு ஆர்டர் கொடுத்தால், ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வாசல் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறான். வரும்போது இருந்த பாதை திரும்பும்போது மறைந்துவிடுகிறதா? 2016-ல் சாம்சங் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு, போனைத் திருப்பி அனுப்புவதற்காகத் தீ தாங்கும் பெட்டியும், கையில் மாட்டிக்கொள்ளக் கையுறையும் வீட்டுக்கே அனுப்பியது. அங்கே பெட்டியும் கையுறையும். இங்கே சட்டைப் பை. இரண்டு நாட்டு மனிதர்களுக்கும் நெஞ்சு ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

'ஜனங்கள்தான் மலிவுச் சார்ஜர் வாங்குகிறார்கள், போலி பேட்டரி போடுகிறார்கள், ராத்திரி முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊதிய பேட்டரியைக் குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடக் கூடாது, குப்பையில் எறியக் கூடாது, தலையணைக்கடியில் போனை வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. இவற்றை யாரும் யாருக்கும் சொல்லலாம், நானும் சொல்லுகிறேன். ஆனால் அசல் பேட்டரி கிடைக்கும் இடத்தை ஐம்பது மைலுக்கு அப்பால் வைத்துவிட்டு, போலி கிடைக்கும் இடம் பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே இருக்கும்போது, ஏழை எதை வாங்குவான்? பகலெல்லாம் வேலை செய்கிறவன் ராத்திரி சார்ஜ் போடாமல் வேறு எப்போது போடுவான்? மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி பொருளைச் செய்வதுதான் செய்கிறவனின் கடமை.

பழியை வாங்கியவன் தலையில் போடும் வழக்கம் எவ்வளவு கொடுமையானது என்பதற்கு வேலூரை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் மாதம், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று இரவில் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் மாண்டுபோனார்கள். சார்ஜ் போட்டதில் கவனக்குறைவு என்பதே ஒகினாவா கம்பெனியின் முதல் சமாதானமாக இருந்தது. மறு மாதம், ஏப்ரல் 16-ந் தேதி, அதே கம்பெனி பேட்டரி சம்பந்தமான சோதனைக்காக 3,215 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வேலூரில் தீ எதனால் பிடித்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை; அது நிபுணர்களின் வேலை. விசாரணை முடிவதற்கு முன்பே செத்தவர்கள்மேல் சந்தேகம் விழுந்துவிடுகிறதே, அந்த அவசரத்தைத்தான் சொல்லுகிறேன்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம் என்றே சொல்லுவேன். ஆபத்தான சரக்கைத் திரும்பப் பெறும்படியும், வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவிடுகிற அதிகாரத்தை அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. குறையுள்ள பொருளால் விளையும் கேட்டுக்குச் செய்தவனே பொறுப்பாளி என்று ஓர் அத்தியாயமே வகுத்திருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முறையிடலாம்.

ஆனால் உத்தரவு போட அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது. உத்தரவு எப்படி நிறைவேற வேண்டும் என்பதில்தான் ஏழையின் நியாயம் அடங்கியிருக்கிறது. நான் கேட்பவை பேராசையல்ல. திரும்பப் பெறும் அறிவிப்பு அந்தந்த மாநிலத்து மொழியில் வரவேண்டும்; ஆபத்தான போனின் திரையிலேயே வரவேண்டும்; ரேஷன் கடையிலும் தபால் ஆபீஸிலும் ஒட்டப்படவேண்டும். போனில் பதிந்திருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணே சாட்சி, ரசீது கேட்கக் கூடாது. விற்ற கடையிலேயே, அது எவ்வளவு சின்ன ஊரானாலும், திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும்; அல்லது வீட்டுக்கு வந்து எடுத்துப்போகவேண்டும். மாற்றுப் போன் கைக்கு வரும்வரை இரவல் போன் கொடுக்கவேண்டும். அலைந்த நாளுக்குக் கூலி கொடுக்கவேண்டும். எத்தனை விற்றார்கள், எத்தனை திரும்பி வந்தது, எத்தனை இன்னும் வெளியே இருக்கிறது என்பதை மாதாமாதம் பகிரங்கமாகச் சொல்லவேண்டும். கடைசியாகச் சொன்ன கணக்குத்தான் முக்கியம். 'இன்னும் வெளியே' என்பது ஓர் எண்ணல்ல. ஒவ்வொன்றும் ஒரு வீடு, ஒரு தலைமாடு.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியை வைவது எளிது. நம் வீட்டு வாசற்படியையும் பார்க்க வேண்டும். நடுத்தர வீடுகளில் புதுப் போன் வந்ததும் பழைய போன் எங்கே போகிறது? 'பேட்டரி நிற்கவில்லை, கொஞ்சம் சுடுகிறது' என்று நாம் ஒதுக்கிய போன் வேலைக்கார அம்மாளுக்கோ, தோட்டக்காரருக்கோ தானமாகப் போகிறது. கம்பெனியின் எச்சரிக்கை வந்தால் அது நம்முடைய ஈ-மெயிலுக்கு வரும். போன் இருப்பதோ ஓலைக் கூரைக்கடியில். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை கேட்பதற்காக விடியற்காலம் நாலு மணிக்கு அதைக் கையில் எடுக்கிறவனுக்கு, அந்த எச்சரிக்கை ஒருநாளும் போய்ச் சேராது. கொடுக்கிறவர்கள் பேட்டரியைப் பார்த்துக் கொடுங்கள். எச்சரிக்கை வந்தால் கொண்டுபோய்ச் சேருங்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு உபயோகிக்கிறவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்லுகிறது. சட்டம் அவர்களை மறக்கவில்லை; நாம் மறக்கலாமா?

இத்தனையும் செய்தாலும் முதற்பொறுப்பு நம்முடையது அல்ல. அதை மறந்துவிடக் கூடாது. நாம் ஜாக்கிரதையாக இருப்பது, செய்தவனுடைய கடனை அடைப்பதாகாது. நெல்லில் கல் கலந்து விற்றவன், 'பொறுக்கிச் சாப்பிடத் தெரியவில்லையா?' என்று கேட்டால் நம் ஊரில் விடுவார்களா? பேட்டரியில் தீயை வைத்து விற்றவன், 'எண்ணைப் படித்துப் பார்க்கத் தெரியவில்லையா?' என்று கேட்கும்போது மட்டும் ஏன் தலைகுனிந்து ரசீதைத் தேடுகிறோம்?

இனித் தேடவேண்டாம். அடுத்த முறை 'திரும்பப் பெறுகிறோம்' என்று அறிக்கை வந்தால், ஊருக்கு ஊர் நாம் ஒரே பதில் சொல்லுவோம்: 'நல்லது. எங்கள் விலாசம் உங்களுக்குத் தெரியும். வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.'